வீட்டுப் பெட்டியும் கடைப் பெட்டியும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று அடியேன் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பாங்கிக் கணக்குகளைப் பற்றியது. "நமக்கும் அமெரிக்கப் பாங்கிக்கும் என்ன சம்பந்தம்?" என்று தங்களிற் சிலர் வினவக்கூடும். இச்சபையில் வீற்றிருக்கும் குடும்பங்களில் மகனையோ மகளையோ மருமகனையோ அந்நாட்டுக்கு அனுப்பியிருக்கும் குடும்பங்கள் பல. அவர்கள் அங்கே சம்பாதிக்கிறார்கள். சிலர் சிறு தொழிலும் நடத்துகிறார்கள். வேறு சிலர் பாங்கிகளிலேயே உத்தியோகத்தில் இருக்கிறார்கள். ஆகவே இது நம் வீட்டு விஷயமே. அன்றியும், என் குடும்பத்தில் நேர்ந்த ஒரு நஷ்டமே என்னை இதை ஆராயத் தூண்டிற்று. அதனைப் பின்னர்க் கூறுகிறேன்.

வீட்டுப் பெட்டியையும் கடைப் பெட்டியையும் ஒன்றாக்கக் கூடாது என்பது நம் முன்னோர் வழக்கம். கடைக் கல்லாவிலிருந்து வீட்டுச் செலவுக்கு ஒரு ரூபாய் எடுத்தாலும் அதை முதலாளியின் பற்றில் எழுதுவார்கள். அமெரிக்காவிலோ இவ்விரு பெட்டிகளுக்கும் நடுவே சட்டமே ஒரு கோடு கிழித்திருக்கிறது. கோட்டுக்கு இப்புறத்திலுள்ள கணக்கிற்கு ஒரு காவல் உண்டு. அப்புறத்திலுள்ள கணக்கிற்கு அக்காவல் இல்லை. எந்தக் கணக்கு எப்புறத்தது என்று அறியாதவன் காவல் உண்டென்று நம்பிக் கதவைத் திறந்து வைத்துத் தூங்குகிறவனுக்கு ஒப்பாவான்.

முதலில் மேற்பற்று என்பது யாதெனப் பார்ப்போம். ஒருவர் கணக்கில் பதினோரு டாலர் இருக்கிறது. அவர் பதினான்கு டாலருக்குச் சாமான் வாங்கி டெபிட் கார்டை நீட்டுகிறார். பாங்கி இருவிதங்களில் எதையும் செய்யலாம்: பணமில்லை என்று மறுக்கலாம்; அல்லது குறைந்த மூன்று டாலரைத் தானே கொடுத்து, அவர் கணக்கில் இருப்புக்கு மேற்பட்ட பற்றாக எழுதிக்கொண்டு, அவ்வுபகாரத்திற்கு ஒரு கட்டணம் விதிக்கலாம். இதற்கு ஓவர்டிராப்டு என்று பெயர். மறுத்தால் ஒரு நிமிஷ வெட்கம். கொடுத்தால் சில பாங்கிகளில் முப்பது டாலருக்கு மேற்பட்ட கட்டணம். பல பாங்கிகளில் நெடுங்காலம் இக்கட்டணம் முப்பத்தைந்து டாலர் வரையில் இருந்தது.

அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பீரோ 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் அறிக்கையைக் கவனியுங்கள். பெரிய பாங்கிகளில் இக்கட்டணத்தின் நடுத்தர அளவு 34 டாலர். டெபிட் கார்டினால் விளைந்த கட்டணங்களிற் பெரும்பாலானவை 24 டாலரோ அதற்குக் குறைவோ ஆன செலவுகளுக்காக வசூலிக்கப்பட்டவை. பெரும்பாலான மேற்பற்றுகள் மூன்று நாட்களுக்குள் அடைக்கப்பட்டன. வட்டிக் கணக்கு அறிந்த பெரியோர்கள் இங்கே இருக்கிறார்கள். மனக்கணக்காகவே போட்டுப் பாருங்கள். இருபத்துநான்கு டாலர் அசல். மூன்று நாள் தவணை. முப்பத்துநான்கு டாலர் கூலி. வருஷத்திற்கு நூற்றுக்குப் 17,000-க்கு மேல் ஆகிறது! கந்துவட்டிக்காரனும் இதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வான்.

இதில் இன்னொரு கொடுமையும் இருந்தது. 2010-ஆம் ஆண்டுக்கு முன்னர், "இவ்வித உபகாரம் தங்களுக்கு வேண்டுமா?" என்று கேளாமலே பல பாங்கிகள் தம் வாடிக்கைக்காரர்களை இந்த ஏற்பாட்டிற் சேர்த்துவிட்டன. வேண்டாமென்று சொல்லாதவன் வேண்டுமென்று சொன்னதாகவே கொள்ளப்பட்டான். மௌனம் சம்மதம் என்று நம்மவர் சொல்வது கலியாணப் பேச்சுக்குப் பொருந்தலாம். கடன் வாங்குவதற்குப் பொருந்துமோ?

இதை மாற்றவே பெடரல் ரிஸர்வ் போர்டு 2009-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு விதியை வெளியிட்டது. 1978-ஆம் ஆண்டின் மின்வழிப் பணமாற்றுச் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட 'ரெகுலேஷன் ஈ' என்னும் விதித்தொகுதியில் அது சேர்க்கப்பட்டது. 2010 ஜூலை முதல் தேதியிலிருந்து புதுக் கணக்குகளுக்கும், அவ்வாண்டு ஆகஸ்டு 15-லிருந்து பழைய கணக்குகளுக்கும் அது அமலுக்கு வந்தது. 2011 முதல் இவ்விதிகள் முன்சொன்ன பீரோவின் வசத்தில் உள்ளன.

விதியின் சாரம் இதுவே. ஏ.டி.எம். இயந்திரத்தில் பணம் எடுக்கும்போதும், டெபிட் கார்டைக் கொண்டு ஒருமுறைச் செலவு செய்யும்போதும் ஏற்படும் மேற்பற்றுக்கு, வாடிக்கைக்காரர் முன்னதாகவே வெளிப்படையாகச் சம்மதித்தாலன்றிக் கட்டணம் விதிக்கலாகாது. அச்சம்மதம் பெறும் முறையும் வரையறுக்கப்பட்டது. கட்டண விவரம் அடங்கிய அறிவிப்பு மற்ற விஷயங்களோடு கலவாமல் தனித்து இருத்தல் வேண்டும். கணக்குத் திறக்கும் பத்திரத்தில் இடும் கையெழுத்தையே இதற்கும் சம்மதமாகக் கொள்ளக் கூடாது. முன்னரே குறியிட்டு வைத்த கட்டமும் சம்மதமாகாது. சம்மதித்த பின்னர் அதை உறுதிப்படுத்தும் கடிதம் அனுப்புதல் வேண்டும். சம்மதித்தவர் எப்பொழுது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம். சம்மதியாதவருக்குக் கணக்கின் மற்றச் சௌகரியங்களைக் குறைக்கவுங் கூடாது.

இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. டீ.டி. பாங்கி புது வாடிக்கைக்காரர்களிடம் முன்னரே குறியிட்ட படிவத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கிற்று என்று பீரோ கண்டு, 2020-ஆம் ஆண்டில் 9 கோடியே 70 லட்சம் டாலரை வாடிக்கைக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுக்கவும், 2½ கோடி டாலர் அபராதம் செலுத்தவும் உத்தரவிட்டது.

ஆயினும் விதியின் எல்லையையும் அறிதல் வேண்டும். செக்கினாலோ, மாதந்தோறும் கார்டிலிருந்து தானே கழியும் சந்தாவினாலோ ஏற்படும் மேற்பற்றுக்கு இந்த முன்சம்மதம் வேண்டுவதில்லை. கணவன் மனைவி கூட்டாக வைத்த கணக்கில் ஒருவர் சம்மதித்தால் இருவரும் சம்மதித்ததாகும்; ஒருவர் மறுத்துவிட்டால் இருவருக்கும் அது நீங்கும். ஆதலால் வீட்டில் ஒருவர் செய்வதை மற்றவர் அறிந்திருத்தல் நலம்.

நிற்க. இனி என் குடும்பத்தில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். என் இளைய சகோதரரின் மகள் கணவனோடு நியூஜெர்ஸி மாகாணத்தில் வசிக்கிறாள். குழந்தைகளுக்கு உடைகள் தைத்துத் தெரிந்தவர்களுக்கு விற்று வந்தாள். "தைத்து வரும் பணத்தை வீட்டுப் பணத்தோடு கலக்காதே, தனிக் கணக்கு வைத்துக்கொள்" என்று அவளுக்குப் புத்தி சொன்னவன் நானே. அவளும் தன் பாங்கிக்கே சென்று தன் பெயரில் இன்னொரு கணக்குத் திறந்தாள். "எதற்காக?" என்று குமாஸ்தா கேட்டபோது "என் தையல் வியாபாரத்திற்காக" என்று விடையளித்தாள். அவர் ஏதோ எழுதிக்கொண்டார், இவள் கையெழுத்திட்டாள்.

சில மாதம் சென்று ஒருநாள், அக்கணக்கில் பதினோரு டாலர் மாத்திரமே இருப்பதை அறியாமல், நூலுக்குப் பதினான்கு, பொத்தானுக்கு ஆறு, தபாலுக்கு ஒன்பது என மூன்று முறை கார்டை உபயோகித்தாள். சாமான் வாங்கியது இருபத்தொன்பது டாலருக்கு. பாங்கி விதித்த கட்டணம் முறைக்கு முப்பத்தைந்து வீதம் நூற்றைந்து டாலர்! அவள் திகைத்துப் போனாள். தன் குடும்பக் கணக்கில் இந்த ஏற்பாடு வேண்டுமா என்று பாங்கி கேட்டிருந்தது; வேண்டாமென்று அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். அம்மறுப்பு இதற்கும் செல்லும் என்று நம்பியிருந்தாள். "நான் சம்மதிக்கவேயில்லையே" என்று முறையிட்டதற்கு, "வியாபாரக் கணக்கிற்கு அந்த விதி இல்லை" என்ற பதிலே கிடைத்தது.

எனக்கு அவள் எழுதியபோது என் இரத்தம் கொதித்தது. "கணக்கு உன் சொந்தப் பெயரில் இருக்கிறது, கம்பெனி ஒன்றும் இல்லை, நீ தனி மனுஷி. பாங்கி அக்கிரமம் செய்கிறது, விடாதே" என்று பதில் எழுதினேன். எழுதிய பின்னரே சட்டத்தைப் படித்தேன். சபையோர்களே! பாங்கி சொன்னது சரி. நான் சொன்னதே தவறு. அத்தவற்றை மற்றவரும் செய்யாதிருக்கும் பொருட்டே இங்கு நிற்கிறேன்.

சட்டம் எந்தக் கணக்கைக் காக்கிறது? ஒரு மனிதர் முக்கியமாகத் தம் சொந்த, குடும்ப, அல்லது இல்லற நோக்கங்களுக்காக ஏற்படுத்திய கணக்கையே. இதில் மூன்று சொற்கள் கவனிக்கத் தக்கன.

முதலாவது, 'மனிதர்'. கம்பெனி, கூட்டு வியாபார ஸ்தாபனம், சங்கம் முதலியன சட்டத்தின் கண்ணில் நபர்களாகலாம். ஆனால் உயிருள்ள மனிதர்கள் அல்ல. ஆகவே கம்பெனியின் பெயரில் உள்ள கணக்கு, அக்கம்பெனியில் ஒரே ஒருவர்தாம் இருந்தாலும், வெளியே நிற்கிறது. அந்நாட்டில் நம்மைப் போன்றோர் சங்கம் அமைத்துப் பாங்கியில் நிதி வைத்தால் அதுவும் வெளியேதான். பொக்கிஷதார்கள் இதை மறவாதிருக்க வேண்டும்.

இரண்டாவது, 'ஏற்படுத்திய'. எந்நோக்கத்தோடு கணக்குத் திறக்கப்பட்டது என்பதே அளவுகோல். குடும்பக் கணக்கிலிருந்து ஒருநாள் கடைச் சரக்குக்குப் பணம் கொடுத்ததனால் அது வியாபாரக் கணக்காகிவிடாது. வியாபாரக் கணக்கிலிருந்து ஒருநாள் வீட்டுக்கு அரிசி வாங்கியதனால் அது குடும்பக் கணக்காகவும் ஆகாது.

மூன்றாவது, 'முக்கியமாக'. முழுவதும் என்று சட்டம் சொல்லவில்லை. டாக்ஸி ஓட்டும் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். அவருக்கு ஒரே கணக்குத்தான் உண்டு. வாடகை, மளிகை, குழந்தைகளின் செலவு யாவும் அதிலிருந்தே. சவாரி வருமானம் வருவதும் பெட்ரோலுக்குச் செலவழிவதும் அதிலேதான். அவர் குடும்ப ஜீவனத்தை முக்கிய நோக்கமாகக் கொண்டு அதைத் திறந்திருந்தால், தொழிற் பணம் கலந்திருப்பினும் அது சட்டத்தின் காவலுக்கு உட்பட்டதே. அவரே சவாரிப் பணத்திற்கென்று இன்னொரு கணக்குத் திறந்தால், அது அவர் சொந்தப் பெயரிலேயே இருந்தாலும் காவலுக்கு வெளியே போய்விடும். இருவரும் ஒருவரே; பெயரும் ஒன்றே; நோக்கம் மாத்திரம் வேறு.

பெயரைப் போலவே எண்ணும் இதற்குச் சாட்சியாகாது. தனி மனிதர் தம் பெயரில் வியாபாரம் செய்யும்போது தம் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையே பாங்கியில் கொடுக்கலாம். ஆகவே அந்த எண்ணைக் கண்ட மாத்திரத்தில் குடும்பக் கணக்கு என்று முடிவு செய்ய இயலாது. டெபாஸிட்டு இன்ஷ்யூரன்ஸில் விசித்திரம் இன்னும் அதிகம். பாங்கி முறிந்தால் 2,50,000 டாலர் வரையில் ஈடு கிடைக்கும் அவ்வேற்பாட்டில், தனியாள் வியாபாரக் கணக்கை அவருடைய சொந்தக் கணக்கோடு கூட்டி ஒன்றாகவே எண்ணுகிறார்கள். ஒரு சட்டம் ஒன்றென்பதை மற்றொரு சட்டம் இரண்டென்கிறது. ஆகையால் ஒன்றை அறிந்துகொண்டு மற்றொன்றை ஊகிக்கலாகாது.

பாங்கி, குடும்பக் கணக்குக்கு 'வியாபாரக் கணக்கு' என்று பெயரிட்டுவிட்டால் உரிமை போய்விடுமோ எனில், போகாது. சட்டம் கொடுத்த உரிமையை உடன்படிக்கையினால் விட்டுக்கொடுக்க முடியாது என்று அந்த 1978-ஆம் ஆண்டின் சட்டமே விதிக்கிறது. ஆனால் நோக்கம் குடும்பமே என்று காட்டும் பாரம் நடைமுறையில் வாடிக்கைக்காரர் தலையில்தான் விழும். திறக்கும் நாளில் எழுதிய ஒரு வரி அப்பொழுது பேசும்.

இக்கோடு நியாயமானதா? ஒரு பக்கத்தார் சொல்வர்: "வியாபாரி கணக்குத் தெரிந்தவன், அவன் கொடுக்கல் வாங்கல் நடுவில் நின்றுவிட்டால் நாணயம் கெடும், அவனுக்குக் கட்டணத்தைவிட மறுப்பே அதிக நஷ்டம்." இது பெரிய முதலாளிக்குப் பொருந்தும். வீட்டு மூலையில் தையல் இயந்திரம் வைத்திருக்கும் பெண்ணுக்கும் டாக்ஸிக்காரருக்கும் பொருந்துமா? அவர்கள் கணக்கில் குறைவது பத்து டாலர், விதிக்கப்படுவது முப்பத்தைந்து. வீட்டுப் பெட்டி வறண்டால் அவர்கள் கடைப் பெட்டியும் வறளும். சிறியோருக்கு இக்கோடு நீதியாக அமையவில்லை என்பது என் அபிப்பிராயம். ஆயினும் சட்டம் மாறும் வரையில் உள்ளதை அறிந்து நடப்பதே விவேகம்.

இக்கோட்டினால் தீர்மானமாவது மேற்பற்று மாத்திரமன்று. கார்டு களவு போயிற்று என்று வைத்துக்கொள்வோம். குடும்பக் கணக்கானால், அறிந்த இரண்டு அலுவல் நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இச்சட்டப்படி நஷ்டம் 50 டாலருக்கு மேற்படாது; தாமதித்தால் 500 டாலர் வரையில் ஆகலாம்; கணக்கு விவரம் அனுப்பப்பட்டு அறுபது நாள் கழிந்தும் வாளாவிருந்தால் அதற்குப் பின் போவதற்கு எல்லையே இல்லை. வியாபாரக் கணக்கிற்கு இச்சட்டத்தின் இந்தப் பாதுகாப்பும் கிடையாது. பாங்கியோடு செய்த உடன்படிக்கையைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சமீப காலத்தில் நேர்ந்த மாறுதல்களையும் சொல்லிவிடுகிறேன். கேபிடல் ஒன், ஸிட்டி ஆகிய பாங்கிகள் 2022-ஆம் ஆண்டில் தனிநபர் கணக்குகளில் இக்கட்டணத்தை அடியோடு நீக்கின. பாங்க் ஆப் அமெரிக்கா அவ்வாண்டில் 35 டாலரைப் பத்தாகக் குறைத்தது. ஆயிரங்கோடி டாலருக்கு மேல் சொத்துள்ள பாங்கிகளை ஒடுக்கக் கருதி 2024 டிசம்பரில் பீரோ ஒரு புது விதி செய்தது. அது அமலுக்கு வருமுன்னரே காங்கிரஸ் சபை அதைத் தள்ளியது. 2025 மே மாதத்தில் ஜனாதிபதியின் கையெழுத்தோடு அது ரத்தாயிற்று. ஆனால் முன்சம்மத விதி அதனோடு போகவில்லை.

முடிவாகச் சில வார்த்தைகள். அந்நாட்டில் வசிக்கும் நம் மக்களுக்குத் தாங்கள் எழுதும்போது இவற்றைத் தெரிவியுங்கள். கணக்குத் திறக்கும்போது "எதற்காக?" என்ற கேள்விக்கு யோசித்து, உண்மையை, முழுமையாகச் சொல்லட்டும், குடும்பத்திற்கென்றால் அதை எழுத்தில் பதியச் செய்யட்டும். காவல் கிடைக்குமென்று வியாபாரத்தைக் குடும்பம் என்று பொய் சொல்லவும் வேண்டாம். வியாபாரக் கணக்கு என்று அறிந்தால் அன்றைக்கே, "இருப்புக்கு மேல் கார்டில் பணம் கொடுக்க வேண்டாம்; மறுத்துவிடுங்கள்" என்று பாங்கிக்கு எழுதிக் கேட்கட்டும். சட்டம் கட்டாயப்படுத்தாததையும் பாங்கி கேட்டால் செய்யக்கூடும்.

பாங்கிகளில் அலுவல் பார்க்கும் இளைஞர்களுக்கும் ஒன்று. ஒரு கணக்கின் வகையைக் குறிக்கும் சிறு எழுத்தைத் தாங்கள் பதியும்போது, ஒரு குடும்பத்தின் காவலைத் திறக்கவோ பூட்டவோ செய்கிறீர்கள். வியாபாரக் கணக்கைக் குடும்பக் கணக்கென்று பதிந்துவிட்டால் பாங்கிக்குச் சில கட்டணங்கள் குறையும். வியாபாரியின் கார்டு ஒருமுறை மறுக்கப்படும். அவர் விரும்பினால் சம்மதம் எழுதிக் கொடுப்பார். குடும்பக் கணக்கை வியாபாரக் கணக்கென்று பதிந்துவிட்டாலோ, ஏழையிடம் சம்மதமின்றிப் பணம் பறித்ததாகும், சட்டத்தை மீறியதுமாகும். சந்தேகம் வந்த இடத்தில் எப்பக்கம் சாய வேண்டும் என்று நான் சொல்ல வேண்டுவதில்லை.

என் சகோதரர் மகள் பிறகு பாங்கிக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினாள். அவர்கள் தையற் கணக்கில் அந்த ஏற்பாட்டை நிறுத்தி, மூன்று கட்டணங்களில் ஒன்றைத் தயவாகத் திருப்பிக் கொடுத்தார்கள். மற்ற எழுபது டாலர் போனது போனதுதான். அதை நான் கொடுக்கிறேன் என்றேன்; அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "பெரியப்பா, பெட்டியை இரண்டாக்கச் சொன்னது நல்ல புத்திதான், இரண்டாவது பெட்டிக்குப் பூட்டு இல்லை என்பதையும் சொல்லியிருக்கலாம்" என்று எழுதினாள். அன்று அவளுக்குச் சொல்லத் தவறியதை இன்று இச்சபையில் சொல்லி முடித்தேன்.